சாங்கியத்துக்கு ஒரு சொட்டு

காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுத் திருமூர்த்தி அண்ணன் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு எதிர்ச்சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பார். கண்தான் காலண்டரில் இருக்கும். கவனம் முழுக்க நம் தொண்டையில் இருக்கும். முதல் வாய் இறங்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். நன்றாக இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாமாகச் சொன்னாலும் காதில் விழாத மாதிரியே போவார்.

பீளமேட்டில் அண்ணன் வீட்டின் பின்பக்க அறைகளில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கொடுமுடியிலிருந்து கல்யாணமாகி நான் வந்ததே இந்த வீட்டுக்குத்தான். என் தையல் மெஷின் ஜன்னலோரம் கிடக்கிறது. அதற்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், அவர்கள் சமையலறை ஜன்னல். அதனால் இந்தக் காலண்டர் பார்க்கிற வேலையை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன். ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், டம்ளரிலிருந்து வட்டாவுக்கும் வட்டாவிலிருந்து டம்ளருக்கும் ஆற்றிக்கொண்டே போனில் யாருடனோ சண்டை போட்டார். வாயில் வைக்கவே இல்லை. அண்ணன் அந்த மாதத்தை முழுவதும் படித்து முடித்து, தாளைத் தூக்கி அடுத்த மாதத்து விசேஷங்களையும் படித்துவிட்டார்.

அண்ணன் மில்லில் பிட்டராக இருந்தவர். சத்தத்தை வைத்தே எந்த மெஷினில் எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவாராம். மில்லை மூடியதும் மற்றவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். இவர் பாதி நாள் ஒரு பட்டறைக்குப் போனார், மீதி நாள் வீட்டு அடுப்புக்கு வந்துவிட்டார்.

“மில்லு மூடுன அன்னைக்கு மனுசன் அழுவாருன்னு நெனச்சன் அம்மணி. நேரா வந்து என்ற அடுப்பப் புடிச்சுக்கிட்டாரு,” என்று அவர் மனைவி நஞ்சம்மாள் அக்கா என்னிடம் சொல்லுவார். “போச்சாது, போகட்டும்னு காப்பிய மட்டும் எழுதிக் குடுத்துட்டன்.”

பில்டரில் வெந்நீர் ஊற்றிவிட்டு அண்ணன் அதன் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார். சொட்டுகிற சத்தம் பிடிக்கவில்லை என்றால் திறந்து, தூளை மறுபடி அமுக்கி வைப்பார். பால் பாக்கெட்டில் வந்தால் தொட மாட்டார். காங்கேயத்துப் பக்கம் வீட்டு வாசலில் மாடு கட்டி வளர்ந்தவர். மாடு வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, கறந்த பாலைத்தான் வாங்குவார்.

மகன் மிதுனுக்குப் பெண் பார்த்தபோது, பெண் வீட்டார் ஒன்றை ஒளிக்காமல் சொன்னார்கள். அக்ஷயாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பால் ஆகாது. பால், தயிர், நெய் எது உள்ளே போனாலும் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிடும். மிதுன் சரி என்றான். அக்கா சரி என்றார். அண்ணனும் கேட்டுக்கொண்டார், ஆனால் தனக்குத் தோதாகக் கேட்டுக்கொண்டார்.

“பாக்கெட்டுப் பாலுல வளந்த புள்ள. அது ஆகாமத்தான் இருக்கும்,” என்றார் அக்காவிடம். “நம்ம பாலு ஆகாம எங்க போகுது?”

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை. உறவுக்காரர்கள் ஹாலில் நிறைந்திருந்தார்கள், நானும் ஓரமாக நின்றேன். அக்ஷயா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் அண்ணன் நுரை பொங்கும் டம்ளரோடு வந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, கதவு நிலைக்குப் போய்க் காலண்டரைப் பார்த்தார். அக்ஷயா டம்ளரைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், மிதுனைத் தேடினாள். அவன் எங்கோ சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, எனக்குப் பால் ஆகாதுங்களே,” என்றாள் மெதுவாக. அவர் அசையவில்லை. ஏதாவது ஒன்றைக் குடித்தால்தான் நகர்வார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. “வரக்காப்பி இருந்தாக் குடுங்க, குடிச்சுக்கறேன்.”

ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கழுத்துல மஞ்சக் கவுறு காயல, அதுக்குள்ள என்ன வார்த்தை கண்ணு அது!” என்று ஒரு பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் பால் விடாத காப்பியை எழவு வீட்டில்தான் கொடுப்பார்கள். அங்கே அடுப்பில் அண்டா வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் வரக்காப்பி ஊற்றுவார்கள். அக்ஷயாவின் ஆபீசில் அதையே பெரிய கண்ணாடிக் கோப்பையில் வாங்கிக்கொண்டு பாதிப் பேர் அலைகிறார்கள் என்பது அந்தப் பெரியம்மாவுக்குத் தெரியாது. அண்ணன் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். அதை அவரே நின்றபடி குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். முகம் மில் மூடிய அன்றைக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அண்ணன் மருமகளோடு நேராகப் பேச மாட்டார். கோபம் இல்லை, கூச்சம். அண்ணனின் அப்பாவும் தன் மருமகளான நஞ்சம்மாள் அக்காவிடம் அப்படித்தான் இருந்தாராம். மருமகள் எதிரே நின்றாலும், ‘வண்டிச் சாவி மேசை மேல இருக்குதுன்னு சொல்லு’ என்று அக்காவிடம்தான் சொல்லுவார். மற்ற வீட்டில் மாமனார்கள் வாயால் விசாரிப்பதை இவர் டம்ளரால் விசாரிக்கிறவர். அந்த டம்ளரை அவள் வாங்கவில்லை என்றால், ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளிடம் சொல்ல அவருக்கு ஒன்றுமே கிடையாது.

பாலும் இருக்கக் கூடாது, வரக்காப்பியும் ஆகக் கூடாது. அண்ணன் இதை மெஷின் கோளாறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

முதலில் தேங்காய்ப்பால். நன்றாகக் கெட்டியாகப் பிழிந்து, பசும்பாலைக் காய்ச்சுகிற மாதிரியே பொங்கப் பொங்கக் காய்ச்சினார். அது திரிந்து, டிகாஷன் விட்டதும் மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது.

“ஏனுங்க, இது குடிக்கறதுக்குங்களா, தலைக்குத் தேச்சுக் குளிக்கறதுக்குங்களா?” என்றார் அக்கா.

அடுத்தது நிலக்கடலை. ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால் வெள்ளை வெளேரென்று வந்தது. அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. காப்பியாக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தார்.

“நல்லாருக்குதுங்க,” என்றார் அக்கா. “ரெண்டு இட்லி வெச்சுக் குடுத்தீங்கன்னா இன்னும் நல்லாருக்கும்.”

மிதுன் சோயா பீன்ஸ் வாங்கிவந்தான். அதன் பச்சை வாடை எங்கள் அறை வரைக்கும் வந்தது. தோற்றுப்போன காப்பிகள் எல்லாம் ஜன்னல் கம்பி வழியாக எனக்குத்தான் வந்துசேரும். “இதக் குடிச்சுரு அம்மணி,” என்று நீட்டிவிட்டு நிற்பார். அங்கே காலண்டர் இல்லாததால் என் தையல் மெஷினைப் பார்ப்பார். எனக்கு முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல வராது. விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டுவேன். எப்படி ஆட்டினாலும் அவருக்குப் புரிந்துவிடும்.

கடைசியில் தேங்காய்க்கே திரும்பினார். திரிந்தது தேங்காயின் குற்றமில்லை, கொதிக்கவைத்தவரின் குற்றம் என்று கண்டுபிடித்திருந்தார். துருவிய தேங்காயோடு ஊறவைத்த முந்திரி கொஞ்சம் சேர்த்து, இளஞ்சூடான தண்ணீர் தெளித்துத் தெளித்து மாவாட்டுகிற கிரைண்டரிலேயே வெகு நேரம் ஓடவிட்டார். மில்லில் இருந்தபோது வாங்கிய காடாத்துணி ஒன்று பெட்டியில் இருந்தது. அதை இரண்டாக மடித்துப் பிழிந்தார். அந்தப் பாலை அடுப்பில் வைக்காமல், கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சொம்போடு இறக்கிச் சூடேற்றினார். டிகாஷனை வழக்கத்தைவிடக் கெட்டியாக இறக்கி, பாலில் நூல் மாதிரி விட்டார். முந்திரி பிடித்துக்கொண்டதோ என்னவோ, எண்ணெய் பிரியவில்லை. நல்ல காப்பி நிறம் வந்தது. இந்த முறை என் பங்கு ஜன்னலுக்கு வரவே இல்லை. அதிலிருந்தே சரியாக வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அக்ஷயா முதல் வாய் குடித்தாள். அப்புறம் நிறுத்தாமல் குடித்தாள். “சூப்பருங்க மாமா!” என்றாள். அண்ணன் காதில் விழாத மாதிரியே உள்ளே போனார். போனவர் சந்தோஷத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டார். ஏற்கனவே நிறைந்திருந்த மேல்தொட்டி வழிந்து நான் காயப்போட்டிருந்த துணியெல்லாம் நனைந்தது.

அதன் பிறகு தினமும் அவளுக்கு அந்தக் காப்பிதான். ஆனால் அண்ணன் அதில் ஒரு வேலை செய்துவந்தார். எங்களுக்கெல்லாம் அது பின்னால்தான் தெரிந்தது என்றாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் சில நாட்கள் அவர் வெறும் தேங்காய்க் காப்பிதான் கொடுத்தார். அப்புறம் பெரியம்மா சொன்ன வார்த்தை அவரை உறுத்த ஆரம்பித்தது. எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் பால் படாத காப்பி வரக்காப்பிதானே? தாலி கட்டி வந்த பெண்ணுக்குத் தினமும் காலையில் எழவு வீட்டுக் காப்பியைத் தன் கையால் கொடுப்பதா? அதனால் டம்ளரை எடுத்துப் போகும் முன், பசும்பால் சட்டியில் கரண்டி நுனியைத் தொட்டு, ஒரே ஒரு சொட்டை அதில் விட்டார். சாங்கியத்துக்கு, அதாவது சடங்குக்கு. ஒரு சொட்டு என்ன செய்துவிடப் போகிறது?

அக்ஷயாவுக்கு உதடு தடித்தது. கழுத்திலும் கையிலும் வட்ட வட்டமாகத் தடிப்பு எழுந்தது. மாத்திரை போட்டால் அடங்கும், மறுநாள் காலை ஆபீஸ் போகிற நேரத்துக்கு மறுபடி வரும். சோப்பை மாற்றினார்கள். தலையணை உறையை மாற்றினார்கள். நான் தைத்துக் கொடுத்த ரவிக்கை மேல்கூட அக்காவுக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது. டாக்டர் கேட்டது ஒன்றுதான்: புதிதாக என்ன சாப்பிட ஆரம்பித்தீர்கள்? தேங்காய்ப்பாலும் முந்திரியும் என்றதும் இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நஞ்சம்மாள் அக்கா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். மருமகளுக்கு ஆகாத சாமான் வீட்டிலேயே இருக்கக் கூடாது என்று தேங்காயை மொத்தமாக வெளியே அனுப்பினார். சட்னியில் தேங்காய் இல்லை, குழம்பில் தேங்காய் இல்லை, பொரியலில் தூவ ஒரு துளி இல்லை. எங்கள் பக்கத்துச் சமையலில் தேங்காயை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அடுப்புதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவின் ரவிக்கையைக் கொடுக்கப் போனேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என்னையும் உட்காரவைத்துவிட்டார். அக்ஷயா பரிமாறிக்கொண்டிருந்தாள். தடிப்பு அன்று அடங்கியிருந்தது. காப்பியை நிறுத்திச் சில நாட்கள் ஆகியிருந்தன.

“அம்மா, இன்னும் எத்தன நாளைக்கு இப்படித் திங்கறது? சப்புன்னு இருக்குது,” என்றான் மிதுன்.

“நான் மட்டும் தேங்கா இல்லாமத் தின்னுக்கறேனுங்க அத்தை, நீங்க போட்டுச் செய்ங்க,” என்றாள் அக்ஷயா. “எனக்கே ஆச்சரியமா இருக்குதுங்க. தேங்கா எப்பவும் ஒண்ணும் பண்ணாது. பால்தான் ஒரு சொட்டு பட்டாலும் வந்துரும். சின்னதுல ஒருக்கா நெய்க்கரண்டி பட்ட சோறு தின்னே இப்படித்தான் ஆச்சு.”

அண்ணனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தேங்காய் மேல் பழி போட்டபடி எல்லாம் நடந்துகொண்டிருக்கும். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் பேசினார்.

“இந்தா, அந்தப் புள்ளகிட்டச் சொல்லு. தேங்காமேல தப்பில்லையாமா. அதுல தெனமும் ஒரு சொட்டு பாலு உழுந்துதுன்னு சொல்லு.”

“உழுந்துதா? ஆரு உட்டது?”

“உட்டது ஆரா இருந்தா என்ன?”

“ஏனுங்க!”

“நாந்தான்,” என்றார் அண்ணன்.

அக்ஷயா அவருக்கு இரண்டடி தள்ளிக் கரண்டியும் கையுமாக நின்றாள். அவளும் அத்தையைப் பார்த்தே பேசினாள். “எதுக்கு உட்டாருன்னு மாமாவக் கேளுங்க அத்தை.”

“எதுக்குங்க உட்டீங்க?”

“பாலு படாத காப்பி எழவூட்டுக் காப்பி. நல்லா வாழ வந்த புள்ளைக்கு அதக் குடுக்க மனசு கேக்கல. சாங்கியத்துக்கு ஒரு சொட்டு உட்டன்னு சொல்லு.”

“ஒரு சொட்டும் பால்தானுங்கன்னு சொல்லுங்க அத்தை.”

“சொல்றாளுங்க,” என்றார் அக்கா. “நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்டாபீசா? ஒரு வாய்ச் சோறு திங்க உட மாட்டீங்களா?”

மிதுன் சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அக்ஷயா கோபப்படவில்லை, குரலும் ஏறவில்லை. “இனிமே என்ற காப்பிய நானே போட்டுக்கறேனுங்க அத்தை,” என்று மட்டும் சொல்லிவிட்டு ரசம் எடுக்க உள்ளே போனாள். அண்ணன் சோற்றை முடிக்காமலே எழுந்து கை கழுவினார்.

மறுநாள் ஆபீசிலிருந்து வரும்போது அக்ஷயா அட்டைப்பெட்டியில் அடைத்த ஓட்ஸ் பால் வாங்கிவந்தாள். காலையில் அதைச் சூடாக்கி, இரண்டு கரண்டி இன்ஸ்டன்ட் தூளைப் போட்டுக் கலக்கினாள். அண்ணன் பில்டரின் பக்கத்திலேயே அது நடந்தது. பில்டருக்கு அப்படி ஒரு அவமானம் அதுவரை நேர்ந்ததில்லை. அவர் மற்றவர்களுக்கு வழக்கம்போல் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் கதவு நிலையில் நிற்பதை விட்டுவிட்டார். அந்த மாதம் முடிந்து புது மாதம் வந்தும் காலண்டரில் தாளைக் கிழிக்க ஆளில்லை.

ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு மூடி ஊற்றிக் குடித்துப் பார்த்தார். நிமிர்ந்தால் நேர் எதிரே ஜன்னலில் நான்.

“கஞ்சித் தண்ணியாட்டம் இருக்குது அம்மணி,” என்றார், திருடும்போது மாட்டிக்கொண்ட முகத்தோடு. “இதக் குடிச்சுட்டுத்தான் அந்தப் புள்ள அத்தன நேரம் கம்ப்யூட்டரப் பாக்குது.”

வழி காட்டியது நஞ்சம்மாள் அக்காதான், அதுவும் வழி காட்டுகிற எண்ணம் ஒன்றும் இல்லாமல். தேங்காய் மறுபடி வீட்டுக்குள் வந்திருந்தது. சட்னிக்குத் துருவிக்கொண்டிருந்த அக்காவிடம் அண்ணன் புலம்பினார். பால் விட்டால் உடம்புக்கு ஆகாது, விடாவிட்டால் சாங்கியத்துக்கு ஆகாது, நான் என்ன செய்வது என்று.

“ஏனுங்க, கோயிலுக்குப் போனா நீங்க என்னத்த ஒடைக்கறீங்க?” என்றார் அக்கா. “புது வண்டி எடுத்தா, ஊட்டுக்கு வாசல் நிலவு வெச்சா, கண்ணாலத் தாம்பாளத்துல, எல்லாத்துலயும் என்ன இருக்குது? தேங்காதான? புள்ளையாருக்கு ஆகுற தேங்கா உங்க மருமகளுக்கு மட்டும் எழவூட்டுச் சாமானாப் போச்சா?”

அண்ணன் பில்டரில் காதை வைத்துக் கேட்கிற மாதிரி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை பசும்பால் சட்டி, கரண்டி, வடிகட்டி எல்லாம் ஒற்றை அடுப்போடு துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், வெளியே வந்துவிட்டன. சமையலறை மேடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். புதுச் சொம்பு, புதுக் கரண்டி, புதிதாகக் கிழித்த காடாத்துணி. பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு தேங்காயை உடைத்தார். இரண்டு மூடியும் சரிபாதியாக, வெள்ளையாக இருந்தன. அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கூப்பிட்டார்.

“அம்மணி, சித்த இங்க வாங்க.”

என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நான் மெஷினை நிறுத்தினேன். அக்கா எட்டிப் பார்த்தார். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது அக்ஷயாவை. அவள் வந்த நாளிலிருந்து அவர் அவளை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“நீங்களே நின்னு பாருங்க. பாலு ஊட்டுக்குள்ள இல்லைங்க. கரண்டி எல்லாம் புதுசு. பாத்துப்போட்டுக் குடிக்கறதுன்னாக் குடிங்க, வேண்டாம்னா வேண்டாம்.”

தான் காப்பி போடும்போது சமையலறைக்குள் யாரையும் நிற்கவிடாத மனிதர் அவர். அக்ஷயா கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அந்த இடம் அவருடையது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றாள். அண்ணனுக்குக் கை ஓடவில்லை. துருவல் சிந்தியது, டிகாஷன் வெளியே போனது, பிழிந்த பால் முழங்கை வரை வழிந்தது.

“நீங்க பாட்டுக்குச் செய்ங்க மாமா,” என்றாள் அக்ஷயா. “நான் காலண்டரத்தான் பாக்கறேன்.”

அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். நான் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

டம்ளர் அவள் கைக்குப் போனது. நிற்க இடம் இல்லாமல் அண்ணன் சமையலறை நடுவில் துண்டைப் பிடித்தபடி நின்றார். அவள் முதல் வாய் குடித்தாள். இரண்டாவது வாயும் குடித்தாள்.

“எப்படிங்க இருக்குது?” என்று கேட்டேவிட்டார்.

“சர்க்கரை கொஞ்சம் கம்மிங்க மாமா.”

சரியாக வந்த அவர் காப்பியில் யாரும் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. அண்ணன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். அப்புறம் டப்பாவைத் திறந்து, அரைக் கரண்டி எடுத்துப் போட்டு, தானே கலக்கிக் கொடுத்தார். அன்றைக்கும் மோட்டாரைப் போட்டார். நான் முன்கூட்டியே துணியை எடுத்துவிட்டேன்.

இப்போது அந்த வீட்டில் பசும்பால் வெளி அடுப்பில்தான் காய்கிறது, மழை பெய்தால் அதன்மேல் ஒரு குடை நிற்கிறது. உள்ளே தினமும் ஒரு தேங்காய் உடைகிறது. அது அழுகலாக இருந்துவிட்டால் அண்ணன் முகம் வாடிவிடும் என்பதால், அக்கா முந்தின நாளே தேங்காயை ஆட்டிப் பார்த்துத் தேர்ந்து வைக்கிறார். அக்ஷயாவுக்குத் தடிப்பு அப்புறம் வரவில்லை. ஓட்ஸ் பால் பெட்டி ஒன்று பிரிக்காமல் பிரிட்ஜில் இருக்கிறது. அண்ணன் மருமகளோடு நேராகப் பேசுகிறார், காப்பியைப் பற்றி மட்டும். மற்றதெல்லாம் இன்னும் அக்கா வழியாகத்தான் போகிறது.